மரதன் ஓட்டமும் காலக் கணிப்பும்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் கரையோர ஊர்களில், ஆண்டின் முதல் மாதங்கள் பாடசாலை விளையாட்டுக் காலமாகும். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன்னோடியாக மரதன் ஓட்டம் நடைபெறும். நிந்தவூராயினும் அக்கரைப்பற்றாயினும், திருக்கோவிலை அடுத்த வினாயகபுரமாயினும், ஊர் முழுவதும் வீதியோரத்தில் திரண்டு நின்று அதனைக் காணும். மாணவர் ஓடும் தூரம் முழு மரதன் தூரம் அன்று. எனினும் பெயர் அதுவே. ஓடுபவன் மனத்திலும் பார்ப்பவர் மனத்திலும் எழும் வினா ஒன்றே: எவ்வளவு நேரத்தில் ஓடி முடிப்பான்? எளிய வினாப்போல் தோன்றும் இதற்கு விடை காண, அறிஞர் நூறாண்டுக்கு மேலாக முயன்று வந்துள்ளனர்.

1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நிகழ்ந்த முதல் ஒலிம்பிக் மரதனில் கிரேக்க நாட்டு ஸ்பிரிடன் லூயி வெற்றி பெற்றார். ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தை அவர் 2 மணி 58 நிமிடம் 50 செக்கனில் ஓடினார். அந்நாளில் தூரமே நிலையற்றிருந்தது. 1908இல் லண்டன் ஒலிம்பிக் விழாவுக்கு வகுக்கப்பட்ட 42.195 கிலோமீற்றர் என்னும் அளவு, 1921இல்தான் உலகப் பொது அளவாக ஏற்கப்பட்டது. தூரம் நிலைபெற்ற பின்னரே ஒருவர் எடுத்த நேரத்தை மற்றொருவர் நேரத்தோடு செம்மையாக ஒப்பிடுதல் இயன்றது.

ஆயினும் காலத்தைக் கணிக்கும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. அதனைத் தொடங்கியவர் விளையாட்டு வீரர் அல்லர், மின்பொறியியல் அறிஞர். பம்பாய் நகரின் கொலாபாவில் 1861இல் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் பேராசிரியராய் விளங்கிய ஆர்தர் கெனலி என்பவரே அவர். வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்படலம் ஒன்று வான்வெளியில் உண்டென 1902இல் கூறியவரும் இவரே. கடல் கடந்து ஒலிபரப்புக் கேட்போர் இவருக்குக் கடமைப்பட்டவர் என்றால் மிகையாகாது. 1906இல் இவர் குதிரைகளும் மனிதரும் ஓடியும் நடந்தும் நிலைநாட்டிய சாதனைகளைத் திரட்டி ஆராய்ந்தார். தூரம் கூடும்போது நேரம் அதே வீதத்திற் கூடுவதில்லை. சற்று மிகுதியாகவே கூடுகிறது என்பதனையும், அம்மிகுதி ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது என்பதனையும் கண்டார். அவர் விதிப்படி தூரம் இருமடங்கானால் வேகம் நூற்றுக்கு ஏறத்தாழ எட்டு வீதம் குறையும். களைப்புக்கும் ஒரு கணக்கு உண்டு என்று முதன்முதல் உணர்த்தியது இவ்விதியே.

இவ்வொழுங்குக்கு உடலிலே காரணம் தேடியவர், 1922ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற ஆங்கில அறிஞர் ஏ. வி. ஹில். ஓடும் தசைக்கு ஒட்சிசன் வேண்டும். அதனை உடல் உட்கொள்ளும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையே நெடுந்தூர ஓட்டத்தின் வேகத்தையும் வரையறுக்கிறது என்பது அவர் கொள்கை. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் ஜாய்னர் 1991இல் அதே வழியிற் சென்று, மனிதவுடல் எட்டக்கூடிய மிகச் சிறந்த மரதன் நேரம் 1 மணி 57 நிமிடம் 58 செக்கன் எனக் கணித்தார். அன்றைய உலகச் சாதனை 2 மணி 6 நிமிடம் 50 செக்கன். ஆதலின் பலர் அக்கணிப்பை நம்பவில்லை. ஆனால் 2019 ஒக்டோபர் 12ஆந் திகதி, வியன்னா நகரில் கென்யாவின் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 செக்கனில் ஓடிக் காட்டினார். உதவி ஓட்டக்காரர் முறைமாறிக் காற்றை மறைத்து ஓடியமையால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை எனினும், கணிப்பு வீண்கனவு அன்று என்பது புலனாயிற்று.

கணிப்பு வளர்ந்தவாறே பயிற்சியும் வளர்ந்தது. செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக், 400 மீற்றர் தூரத்தை விரைந்து ஓடி, இடையே மெல்ல ஓடி இளைப்பாறி, மீண்டும் விரைந்து ஓடும் முறையைப் பல தடவை இடைவிடாது பயின்றார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஓட்டங்களை வென்றபின், அதற்கு முன் ஓடியறியாத மரதனையும் அவர் வென்றார். நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வேறொரு வழி காட்டினார். முதலில் வாரத்துக்கு நூறு மைல் வரை சீராக ஓடி உடலை உரமாக்கவேண்டும். வேகம் அதன் பின்னரே என்றார். அடித்தளம் இன்றி மாடி கட்டலாகாது என்பதே அவர் முறையின் சாரம்.

இன்று உலகெங்கும் ஓட்டக்காரர் கையாளும் கணிப்புமுறை, அமெரிக்கப் பொறியியலாளர் பீற்றர் ரீகெல் 1977இல் வெளியிட்டதாகும். கெனலியின் விதியையே அவர் புதிய சாதனைகளுக்கு ஏற்பத் திருத்தினார். தூரம் இருமடங்கானால் நேரம் 2.085 மடங்காகும் என்பது அவர் கணக்கு. 10 கிலோமீற்றரை 50 நிமிடத்தில் ஓடுபவர் முழு மரதனை 3 மணி 50 நிமிடத்தில் முடிக்கலாம் என அது கூறும். கெனலியின் பழைய விதியோ அவருக்கு 4 மணி 12 நிமிடம் கொடுக்கும்.

ஆனால் இக்கணக்கினுள் மறைந்து நிற்கும் நிபந்தனைகள் சில உண்டு. நெடுந்தூரத்துக்கு ஏற்ற பயிற்சி பெற்றவருக்கே அது பொருந்தும். 10 கிலோமீற்றர் மட்டுமே பயின்றவன் இக்கணக்கை நம்பி மரதனில் இறங்கினால் ஏமாறுவான். காரணம் தசையில் இருக்கிறது. தசையிற் சேமித்த கிளைக்கோசன் என்னும் மாச்சத்தே ஓட்டத்தின் முதன்மை எரிபொருள். அது தீர்ந்தால் தசை தளர்ந்துபோவதை, சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1960களில் தசையின் சிறுதுணுக்கை எடுத்து ஆராய்ந்து நிறுவினர். அதனாலேயே பலர் 30 கிலோமீற்றரைக் கடந்ததும் திடீரெனத் தளர்கின்றனர். தொடக்கத்தில் மிகைவேகம் கொண்டவரையே அத்தளர்ச்சி முதலிற் பற்றுகிறது.

இரண்டாவது நிபந்தனை வெப்பம். 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதன் கடும் வெயிலில் நிகழ்ந்தது. ஏறத்தாழப் பாதிப்பேர் இடையில் நின்றனர். போர்த்துக்கேய வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வீதியில் விழுந்து, மறுநாள் உயிர் நீத்தார். நூறாண்டு கழிந்தும் வெயிலின் ஆட்சி மாறவில்லை. 2019இல் டோகாவில் உலகப் போட்டியின் பெண்கள் மரதன் நள்ளிரவில் நடத்தப்பட்டது. அப்போதும் வெப்பநிலை 30 பாகைக்கு மேல் இருந்தது. 68 பேர் ஓடத் தொடங்கினர். 40 பேரே முடித்தனர். வென்றவரின் நேரமும், அவர் அதே ஆண்டு ஜனவரியில் டுபாயில் ஓடிய நேரத்திலும் ஏறத்தாழ 15 நிமிடம் கூடுதலாகும். ஓடிய கால்கள் அவையே. சூழ்ந்த காற்றுத்தான் வேறு. கிப்சோகேயின் வியன்னா ஓட்டத்துக்கு நாள் குறித்தவர்கள் வானிலை அறிக்கையைப் பார்த்தே குறித்தார்கள் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

வெப்பநாட்டவர் நெடுந்தூரம் ஓடலாகாதோ எனின், அன்று. இலங்கையின் லூசியன் ரோசா 1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார். இந்தியப் படைவீரர் சிவ்நாத் சிங் 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் ஓடிய மரதனை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியரும் விஞ்சவில்லை. இவர்கள் பல்லாண்டுப் பயிற்சியால் தம் உடலின் அளவை அறிந்தவர்கள்.

பள்ளிச் சிறுவனுக்கு அவ்வறிவு இல்லை. அவனுக்காக அறியவேண்டியவர் பெரியோரே. 2024 மார்ச்சில் திருக்கோவிற் பகுதியில் மரதன் ஓட்டத்திற் பங்குபற்றிய பாடசாலை மாணவன் ஒருவன் உயிரிழந்தான். வினாயகபுரம் முதலிய அயலூர்கள் யாவும் துயரில் ஆழ்ந்தன. அம்மரணத்தின் காரணத்தை ஆராய்வது மருத்துவத்தின் கடமை. எனினும் ஓட்டத்தின் வரலாறு கற்பிக்கும் பாடங்களை அதன்பின் எவரும் அலட்சியம் செய்தல் தகாது.

அப்பாடங்கள் அரியவை அல்ல. மாரி ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் ஓட்டம் விடியலிலே தொடங்கி, வெயில் ஏறுமுன் முடியவேண்டும். கச்சான் காற்று வீசும் காலத்தில் இது இன்னும் இன்றியமையாதது. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரு வாரம் வேண்டுமாதலால், பயிற்சியும் அதற்கு முன்னரே படிப்படியாகத் தொடங்கவேண்டும். ஓடுமுன் உடற்பரிசோதனை வேண்டும், காய்ச்சலுற்றவன் ஓடலாகாது. வழியெங்கும் நீரும் நிழலும் வேண்டும். நெஞ்சு நோவோ மயக்கமோ தோன்றின் நிற்பது தோல்வி அன்று எனச் சிறுவருக்கு முன்னரே சொல்லப்படவேண்டும். வெப்பத்தால் ஒருவன் மயங்கி வீழ்ந்தால், குளிர்நீரால் உடலை உடனே குளிர்விக்கவேண்டும்; வைத்தியசாலைக்குச் செல்லும் வண்டி வரும்வரை அதற்காகக் காத்திருத்தல் ஆகாது.

கெனலி முதல் ரீகெல் வரை அறிஞர் வகுத்த கணக்குகள் யாவும் ஓடி முடித்தவர்களின் நேரங்களைக் கொண்டு அமைந்தவை. இடையில் வீழ்ந்தவர்களின் பெயர் அவ்வட்டவணைகளில் இல்லை. ஆதலின் குறித்த நேரத்தை இலக்காகக் கொள்பவன், அந்த நேரத்தை வெயிலையும் தன் பயிற்சியையும் கண்டபின் குறிக்கட்டும். வினாயகபுரத்து வீதியில் மாணவர் இனியும் ஓடுவர், ஓடவும் வேண்டும். முதலில் வந்தவனை வாழ்த்துவதற்கு முன், இறுதியில் வருபவனும் நலமே வந்து சேர்ந்தானா என எண்ணிப் பார்ப்பதே ஓட்டம் நடத்துவோரின் முதற் கணக்காகும்.