முதுகெலும்பும் பத்தாண்டுக் கணக்கும்

மறையூரிலும் பூப்பாறையிலும் கொழிஞ்சாம்பாறையிலும் வாழும் நம்மவருள், முதுகெலும்பில் அறுவை என்றவுடன் அஞ்சாதார் அரியர். கத்தி பட்டவர் மீண்டும் சுமை தூக்கார் என்பாரும் உளர். கத்தியின்றி நோய் தீராது என்பாரும் உளர். இவ்வழக்கில் ஒரு பகுதியைச் சென்னையில் நிகழ்ந்த ஆராய்ச்சி ஒன்று தீர்த்துவைத்தது. அதன் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

முள்ளெலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டச் செய்யும் அறுவையை 1911இல் நியூயார்க் நகரத்து ஹிப்ஸ், ஆல்பீ என்னும் மருத்துவர் இருவர் தனித்தனியே வெளியிட்டனர். இன்று இடுப்பு வலிக்கும் அது செய்யப்படுகின்றது. அன்றோ எலும்பை அரித்துக் கூனாக்கும் காசநோயே அதன் முதன்மை இலக்கு. 1956இல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்புறமாகச் சென்று, அழுகிய எலும்பை அகற்றி, அவ்விடத்தில் நோயாளியின் எலும்புத் துண்டையே பொருத்தும் முறையை அறிவித்தனர். பாலக்காடு சென்னை மாநிலத்தினின்று பிரிந்து கேரளத்தோடு சேர்ந்ததும், சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தோன்றியதும் அதே ஆண்டில்தான்.

வீட்டிலிருந்தே மருந்துண்டு காசநோயை வெல்லலாம் என்று 1959இல் உலகிற்குக் காட்டிய அந்நிலையமே, 1975இல் முதுகெலும்பை எடுத்துக்கொண்டது. கால் முடங்காத நோயாளிகள் மூன்று பிரிவாகப் பகுக்கப்பட்டனர். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் என்னும் மருந்துகள் அனைவர்க்கும் நாள்தோறும் தரப்பட்டன; ஒரு பிரிவினர்க்கு மட்டும் அறுவையும் உண்டு.

பத்தாண்டுக்குப்பின் கண்ட நிலை 1999இல் வெளிவந்தது. அறுவையும் 6 மாத மருந்தும் பெற்ற 78 பேரில் 90 விழுக்காட்டினர் நலமுடன் இருந்தனர். நடமாடிக்கொண்டே 6 மாதம் மருந்துண்ட 78 பேரில் 94 விழுக்காடு. 9 மாதம் உண்ட 79 பேரில் 99 விழுக்காடு! தோட்டத்து நாட்கூலியை நம்பிய குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று.

பொருத்திய எலும்பு ஏன் கைவிட்டது? இராஜசேகரனும் சௌந்தரபாண்டியனும் அறுவை பெற்றோரைப் பல்லாண்டு தொடர்ந்து நோக்கி, 1989இல் விடை கூறினர். பாதிக்கு மேற்பட்டோரிடம் அத்துண்டு நழுவியோ முறிந்தோ கரைந்தோ அமிழ்ந்தோ போயிற்று; அதன் நீளம் மிகுந்தவிடத்துத் தோல்வியும் மிகுந்தது.

ஆயினும் மருந்து மட்டும் போதாத ஒரு கூட்டம் இருந்தது. 15 வயதிற்குட்பட்டு, தொடக்கத்திலேயே 30 பாகைக்கு மேல் கூன் விழுந்த சிறார்க்கு, 6 மாத மருந்து நோயைத் தணித்தும் கூன் பெரிதும் வளர்ந்தது. 61 சிறாரை 15 ஆண்டுகள் கவனித்த இராஜசேகரன், நோய் ஆறிய பின்னரும் ஐவரில் ஏறக்குறைய இருவர்க்கு உடல் வளரக் கூனும் வளர்ந்ததை 2001இல் எழுதினார். அத்தகைய சிறாரை, மருந்து முடிந்த பின்னும், வளர்ச்சி நிற்குமளவும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவருதல் வேண்டும்.