ஓய்வுக்கும் ஒரு வரலாறு உண்டு

பொங்கலூரிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் செல்வோர் ‘ஒன்றரை ஷிப்டு’ என்னும் சொல்லை நன்கறிவர். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிநேர உழைப்பு அது. கழுத்து இறுகி, தோள் கனத்து, மனம் சோர்ந்து வீடு திரும்புவோருக்கு மூச்சுப் பயிற்சியும் மாலை நடையும் நன்மை தரும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றுக்கு நேரம் வேண்டுமே! அந்த நேரம் தானாகக் கிடைத்ததன்று.

1881ஆம் ஆண்டின் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்க்கு மட்டுமே வேலைநேர வரம்பு விதித்தது. 1891ஆம் ஆண்டுச் சட்டமே பெரியவர்க்கும் வார விடுமுறையை வழங்கியது. அதே ஆண்டு மே 15ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை வெளியிட்டார். உள்ளம் மழுங்கி உடல் தேயுமளவு வேலை வாங்குவது நீதியன்று என்று அது உரைத்தது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். 1922இல் வாரம் 60 மணியாயிருந்த வரம்பு, 1948இல் 48 ஆயிற்று. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு வழிவிடும் சட்டமுன்வடிவு தமிழகத்தில் நிறைவேறியது. எழுந்த எதிர்ப்பினால், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது.

எனினும், சட்டம் தந்த ஓய்வைக் கூலிக்குறைவு பறித்துவிடுகிறது. வாடகையும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் நெருக்குகையில், ஒன்றரை ஷிப்டைத் தொழிலாளரே கேட்டுப் பெறுகின்றனர். எட்டு மணிநேர உழைப்பில் குடும்பம் வாழ இயலும் நாளிலேதான் இறுகிய தோள்கள் உண்மையாகத் தளரும்.