நிலைமின் தடுப்புப் பொதிபொருள்

மின்னணுப் பாகங்களை அதிர்விலிருந்தும் நிலைமின்னிலிருந்தும் காக்கும் உறை, நுரை வகைகள். பினாங்கில், 1972இல் இன்டெல் ஆலை அமைந்த பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இவை அன்றாடத் தேவை. மனிதர் உணரும் நிலைமின் அதிர்ச்சி குறைந்தது ஏறத்தாழ 3,000 வோல்ட். சில சில்லுகள் 100 வோல்ட்டுக்குக் குறைவிலேயே பழுதாகும்.

வகைகள்: இளஞ்சிவப்புக் குமிழித்தாள் உராய்வால் மின்னேற்றம் சேர்வதைக் குறைக்கும், வெளியிலிருந்து பாயும் மின்பொறியைத் தடுக்காது. அதைத் தடுப்பது உலோகப் படலமுள்ள வெள்ளிநிறப் பை. கறுப்புக் கடத்துநுரை சில்லின் கால்களை ஒரே மின்னழுத்தத்தில் வைக்கும். மின்னைக் கடத்துவதால், மின்கலம் பொருத்திய மின்சுற்றுப் பலகைக்கு இந்த நுரை ஆகாது.

பயன்பாடு: பலகையை முதலில் வெள்ளிநிறப் பையில் இட்டு மூடி, பின்னர் குமிழித்தாள் சுற்றி, பெட்டியில் அசையாமல் வைக்க வேண்டும். இளஞ்சிவப்புத் தாளின் வேதிப்பொருள் காற்றின் ஈரத்தை ஈர்த்தே செயல்படுகிறது. வறண்ட காற்றில் அதன் காப்பு குறையும், நாளடைவில் தேயும். ஆகவே பழைய தாளை மீண்டும் பயன்படுத்தலாகாது.