கம்பி போய் அச்சு வந்தது

நிலக்கோட்டைச் சந்தைக்கு மல்லிகை உதிரியாக வந்து எடைபோட்டு விலைபோகிறது. அதைச் சரமாக்குவது விரல்கள்தான். முடிச்சு ஒன்று நழுவினால் சரம் உதிரும். 1930களில் ரேடியோப் பெட்டியையும் ஏறக்குறைய இப்படித்தான் கட்டினார்கள். பாகத்துக்குப் பாகம் தனித்தனிக் கம்பி, முனைக்கு முனை ஈயப்பற்று. தொழிற்சாலைகளில் வரிசையாக உட்கார்ந்து பற்று வைத்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

அந்த வேலையை அச்சகத்திடம் ஒப்படைக்கலாம் என்று நினைத்தவர் பால் ஐஸ்லர். 1907இல் வியன்னாவில் பிறந்த யூதர். பொறியியல் படித்தும் சொந்த ஊரில் நிலையான வேலை அமையவில்லை. பத்திரிகை வேலை பார்த்தபோது அச்சுத்தொழில் பழகியது. அந்நாளில் பத்திரிகையில் படம் போட வேண்டுமென்றால் துத்தநாகத் தகட்டில் ‘பிளாக்’ எடுப்பார்கள். வேண்டிய கோடுகளை மூடிவிட்டு, மீதியை அமிலம் அரிக்க விடுவார்கள். ஐஸ்லர் துத்தநாகத்தின் இடத்தில் மெல்லிய செப்புத் தகட்டை வைத்துப் பார்த்தார். அரிக்காமல் மிஞ்சும் செப்புக் கோடே கம்பி!

1936இல் லண்டனுக்குப் போனவர், இந்த முறையில் ஒரு ரேடியோவைச் செய்து ஒரு நிறுவனத்திடம் காட்டினார். வேண்டாம் என்றார்கள். பெண்களை வைத்துக் கம்பி இணைப்பதே மலிவு, மாற்றங்கள் செய்யவும் சுலபம் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கை மாற்றியது இரண்டாம் உலகப் போர். இலக்கை நெருங்கியதும் தானே வெடிக்கும் பீரங்கிக் குண்டின் மூக்கில் ஒரு குட்டி ரேடியோ வேண்டியிருந்தது. லட்சக்கணக்கில் வேண்டும், சுடும் அதிர்ச்சியையும் தாங்க வேண்டும். அமெரிக்கர்கள் இதற்காகப் பீங்கான் தகட்டில் வெள்ளி மையால் மின்சுற்றை அச்சிட்டார்கள். ஐஸ்லரின் வழி வேறு. அவர் 1943இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1949இல் அமெரிக்க ராணுவத்தின் டான்கோ, ஆப்ராம்சன் இருவரும் அடுத்த அடியை வைத்தார்கள். பாகங்களின் கால்களை மின்சுற்று அச்சிட்ட பலகையின் துளைகளில் செருகி, அடிப்பக்கத்தை உருகிய ஈயத்தில் தோய்த்தால் அத்தனை பற்றும் ஒரே முழுக்கில் முடிந்துவிடும்.

இன்றைய பலகை கண்ணாடியிழைத் துணியும் எபாக்சிப் பிசினும் சேர்ந்தது. மேலே ஒட்டிய செப்பின் கனம் பொதுவாக 35 மைக்ரான், தலைமுடியை விட மெல்லியது. ஒளிபட்டால் இறுகும் பூச்சைத் தடவி, படச்சுருள் வழியே புற ஊதா ஒளி பாய்ச்சி, இறுகாததைக் கழுவி, வெளியே தெரியும் செப்பை அரித்தெடுக்கிறார்கள். துளைகளின் உட்சுவரிலும் செப்பு பூசினால் ஒரு அடுக்கு மற்றொன்றோடு பேசும். கடைசியாகப் பச்சைப் பூச்சு. ஈயம் வேண்டாத இடத்தில் ஒட்டாமல் காப்பது அதுதான்.

கொடைக்கானல் மலையைப் பார்த்து ஆன்டெனாவைத் திருப்பி வைத்திருந்த நாட்களில், நிலக்கோட்டை வீடுகளுக்குள் இந்தப் பலகை டிவிக்குள் ஒளிந்து வந்தது. படம் போனால் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டு, வந்துவிடும். மெக்கானிக் பின்மூடியைக் கழற்றிப் பார்த்து ‘டிரை சோல்டர்’ என்பார். சூட்டில் விரிந்து சுருங்கி விரிசல் கண்ட ஈயப்பற்றைத்தான் அந்தத் தட்டு ஒரு கணம் சேர்த்து வைத்தது.

இப்போது பாகங்கள் கடுகளவுக்குச் சிறுத்துவிட்டன. அவற்றைப் பலகையில் பொருத்துவது இயந்திரம். ஆனாலும் பெண்கள் வரிசை கலையவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்ற நோக்கியா ஆலையிலும், அதன்பின் அந்த வட்டாரத்தில் வளர்ந்த போன் ஆலைகளிலும் பெரும்பான்மை இளம்பெண்களே. கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி, ஷிப்ட் பஸ்ஸில் போய்வருகிறவர்கள். பலகையை ஏற்றுவது, சோதிப்பது, பெட்டிக்குள் அடைப்பது எல்லாம் அவர்கள் கையில். 1936இல் மலிவு என்று எண்ணப்பட்ட உழைப்பு இன்றும் அதே காரணத்துக்காகத் தேடப்படுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

போன் இங்கே கோக்கப்பட்டாலும் உள்ளிருக்கும் பலகையில் பெரும்பங்கு இறக்குமதிதான். ஓசூரில் அசென்ட் சர்க்கியூட்ஸ் போன்ற சில நிறுவனங்கள் இங்கேயே பலகை செய்கின்றன. 2025 அக்டோபரில் மத்திய அரசு மின்னணு உதிரிபாகத் திட்டத்தின் கீழ் முதலில் அனுமதித்த 7 ஆலைகளில் 5 தமிழ்நாட்டுக்கு வருகின்றன. பல அடுக்குப் பலகையும், அதற்கு மூலப்பொருளான செப்பு ஒட்டிய தகடும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

(தொடரும்)