ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் மறையும் ஜங்ஷன் பாக்ஸ்: கை எட்டும்படி இருக்க வேண்டியது ஏன்?

ஹைதராபாத்: மென்பொருள் பயிற்சி மையங்களும் மாணவர் விடுதிகளும் நெருங்கி அமைந்துள்ள அமீர்பேட் போன்ற பகுதிகளில், பழைய வணிகக் கட்டடங்களின் தளங்கள் வகுப்பறைகளாகவும் தங்கும் அறைகளாகவும் மாற்றப்படுவது வழக்கம். அவ்வாறு மாற்றும்போது ஃபால்ஸ் சீலிங் அமைக்கப்பட்டால், மின்கம்பிகள் ஒன்றிணையும் ஜங்ஷன் பாக்ஸ்கள் அதற்கு மேலே மறைந்துவிடக்கூடும். இதிலுள்ள ஆபத்து என்ன, விதிகள் என்ன கூறுகின்றன என்பது குறித்த விளக்கம் வருமாறு:

இணைப்பு தளர்ந்தால் என்ன நேரும்?

மின்கம்பி ஒன்று பல கிளைகளாகப் பிரியும் இடத்தில் இணைப்புகளைப் பாதுகாப்பாக மூடி வைப்பதே ஜங்ஷன் பாக்ஸின் பணி. ஒயரிங் அமைப்பில் பழுது தோன்றும் வாய்ப்பு, நீண்டு செல்லும் கம்பியைவிட இத்தகைய இணைப்புகளிலேயே அதிகம். கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, மின்சுமையால் சூடாவதும் குளிர்வதுமாக இருந்து காலப்போக்கில் தளர்கிறது. அப்போது அந்த இடத்தின் மின்தடை உயர்கிறது.

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை உருவாகி, அதன் வழியாக 10 ஆம்பியர் மின்னோட்டம் செல்வதாகக் கொள்வோம். அந்த ஒரு புள்ளியில் மட்டும் 50 வாட் வெப்பம் வெளிப்படும். வீடுகளில் பயன்படுத்தப்படும் சாதாரண பி.வி.சி. உறையிட்ட கம்பி, தொடர்ந்து தாங்கக்கூடிய வெப்பநிலை 70 டிகிரி செல்சியஸ் மட்டுமே.

எம்.சி.பி. ஏன் விழுவதில்லை?

இத்தகைய தீ விபத்துகள் அனைத்தையும் ‘மின்கசிவு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால், மின்னோட்டம் எர்த்துக்குக் கசிவது வேறு. ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளும் ஷார்ட் சர்க்யூட் வேறு. இணைப்பு தளர்ந்து சூடாவது வேறு.

கசிவை ஆர்.சி.சி.பி. கண்டறியும். ஷார்ட் சர்க்யூட்டையும் அதிக சுமையையும் எம்.சி.பி. கண்டறியும். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கசிவதும் இல்லை, அளவை மீறுவதும் இல்லை. எனவே, இணைப்பு கருகத் தொடங்கிய பின்னரும் இவ்விரு சாதனங்களும் அதை உணராமல் இருக்கலாம். பெட்டியைத் திறந்து பார்க்க வழி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

விதிகள் கூறுவது என்ன?

சோதனை, அளவீடு, பராமரிப்பு ஆகியவற்றுக்காக மின் இணைப்புகள் அணுகக்கூடியவையாக இருக்க வேண்டும் என்று ஐ.இ.சி. 60364 என்ற சர்வதேசத் தரநிலை வலியுறுத்துகிறது. மண்ணுக்கடியில் புதைக்கப்படும் கேபிள் இணைப்புகள், கலவை நிரப்பி மூடியவை, பற்றவைத்தோ கருவியால் அழுத்தியோ செய்யப்பட்டவை போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. இந்தியாவில் ஒயரிங் பணிகளுக்கான ஐ.எஸ். 732 தரநிலை 2019-ல் திருத்தப்பட்டபோது, பெருமளவு இந்தச் சர்வதேசத் தரநிலையை ஒட்டியே அமைக்கப்பட்டது.

குளிர்நாடுகளில் இதே சிக்கல் வீட்டுக் கூரையடியில் எழுகிறது. அங்கு பரப்பப்படும் வெப்பக் காப்புப் பஞ்சு ஜங்ஷன் பாக்ஸ்களை மூடிவிடுகிறது. கட்டடத்தின் எப்பகுதியையும் பெயர்க்காமல் பெட்டியை அடைய முடிய வேண்டும் என்பது அமெரிக்க மின் விதித்தொகுப்பின் நிபந்தனை. கையால் விலக்கக்கூடிய பஞ்சு தடையாகக் கருதப்படுவதில்லை. நிலையாகப் பொருத்தப்பட்ட பலகை தடையாகும்.

இதே அளவுகோலை ஃபால்ஸ் சீலிங்குக்கும் பொருத்திப் பார்க்கலாம். தூக்கி எடுக்கக்கூடிய சதுர ஓடுகளால் ஆன கூரைக்கு மேலுள்ள பெட்டியை எளிதில் அடையலாம். இடைவெளியின்றிப் பூசி மூடப்பட்ட ஜிப்சம் பலகைக்கு மேலுள்ள பெட்டியைக் கூரையை உடைத்தே அடைய முடியும்.

ஒலியையோ வெப்பத்தையோ தடுக்கப் பஞ்சு அடுக்கப்பட்டிருந்தால், கம்பியின் வெப்பம் வெளியேறுவதும் தடைபடும். காப்புப் பொருளால் அரை மீட்டருக்கு மேல் முழுமையாகச் சூழப்பட்ட கம்பியின் மின்னோட்டத் திறனைப் பாதியாகவே கணக்கிட வேண்டும் என்பது பிரிட்டன் ஒயரிங் விதிகளின் வழிகாட்டல். அதன்படி, 20 ஆம்பியர் தாங்கும் கம்பியை 10 ஆம்பியருக்கே பயன்படுத்த வேண்டும்.

கடந்தகால விபத்துகள்

செகந்திராபாத் ஸ்வப்னலோக் வணிக வளாகத்தில் 2023 மார்ச் 16 அன்று ஏற்பட்ட தீ விபத்தில் 6 இளைஞர்கள் புகையில் சிக்கி உயிரிழந்தனர். சூரத்தில் 2019 மே 24 அன்று பயிற்சி மையம் இயங்கிய கட்டடத்தில் தீப்பற்றியதில் 22 மாணவர்கள் பலியாகினர். டெல்லி முகர்ஜி நகரில் 2023 ஜூன் 15 அன்று, தீப்பற்றிய பயிற்சி மையத்திலிருந்து மாணவர்கள் ஒயர்களைப் பற்றிக்கொண்டு கீழிறங்கினர். இவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை. எனினும், மாணவர்களும் ஊழியர்களும் நெருங்கி அமரும் மேல்தளங்களில் தீயைவிடப் புகை விரைவாக உயிரைப் பறிக்கும் என்பதை இவை உணர்த்துகின்றன.

கவனிக்க வேண்டியவை

* சீலிங்கை மூடுவதற்கு முன், ஒவ்வொரு ஜங்ஷன் பாக்ஸின் இடத்தையும் புகைப்படம் எடுத்து, தள வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும்.
* ஜிப்சம் கூரையில் ஒவ்வொரு பெட்டிக்கும் நேர்கீழே ட்ராப் டோர் எனப்படும் சிறு திறப்பு அமைக்க வேண்டும். இயலாவிடில், பெட்டியைச் சுவருக்கு மாற்ற வேண்டும்.
* பெட்டிகளுக்கு மூடி கட்டாயம். முறுக்கி டேப் சுற்றுவதற்குப் பதிலாகத் தரமான கனெக்டர்களைப் பயன்படுத்த வேண்டும்.
* ஏற்கெனவே மூடப்பட்ட கூரைகளில் தெர்மல் கேமரா மூலம் சூடான இடங்களைத் தேடலாம். ஆனால், மேலே பஞ்சு அடுக்கு இருந்தால் வெப்பம் வெளியே புலப்படாமல் போகலாம்.
* விளக்குகள் மினுக்குதல், கருகல் வாடை, கூரையில் பழுப்புக் கறை, ‘கிர்’ என்ற ஓசை ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவை தென்பட்டால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

விடுதியிலோ பயிற்சி மையத்திலோ சேருவோர் கட்டணம், வசதிகள் பற்றி விசாரிக்கும்போதே, ஒயரிங் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது, சீலிங்குக்கு மேலுள்ள இணைப்புகளைத் திறந்து பார்க்க வழி உள்ளதா, இரண்டாவது படிக்கட்டு பூட்டப்படாமல் உள்ளதா என்பனவற்றையும் நிர்வாகத்திடம் கேட்டறிவது நல்லது.