அத்தையின் கல்லறை, பாட்டியின் கதை



நினைவுச் சொற்பொழிவு என்பது இறந்தவர்களுக்காகக் கூடுகிற கூட்டம். நம் அமைப்புகள் ஆண்டுதோறும் இப்படிக் கூடுகின்றன. நம் சுவரொட்டிகளில் எந்தெந்தப் படங்கள் இருக்கின்றன என்று தோழர்கள் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள்தான். அதனால் இன்று பாட்டிகளைப் பற்றியும், அவர்களை எழுத்துக்குள் கொண்டுவந்த பெண்களைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து தொடங்குகிறேன். அந்த உறவு நமக்குப் புதியதில்லை. 1873இல் ஜோதிராவ் புலே தம்முடைய 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர் இயக்கம் தோன்றியபோது பெயரையே அங்கிருந்து எடுத்துக்கொண்டது. இவையெல்லாம் ஆண்கள் பேசிக்கொண்ட வரலாறு. பெண்களின் வரலாறு வேறு வழியில் போகிறது.

1860ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம் இவைதான். பெயர் அநேகமாக இருக்காது. விடுதலைக்குப் பின் 1870 கணக்கெடுப்பில்தான் அவர்கள் பெயரோடு வருகிறார்கள். தன் கொள்ளுப்பாட்டியைத் தேடுகிற கறுப்பினப் பெண் அந்த ஆண்டோடு சுவரில் முட்டி நிற்கிறாள். அதற்கு அந்தப் பக்கம் போக அவளுக்கு வாய்வழிக் கதையும் கற்பனையும்தான் துணை. டோனி மாரிசனின் 'பிலவ்டு' நாவல் (1987) அப்படிப் போனதுதான். 1856இல், பிடிபட்டு மீண்டும் அடிமையாகக்கூடாது என்று தன் குழந்தையையே கொன்ற மார்கரெட் கார்னர் என்ற தாயின் செய்தி அதற்கு விதை.

இன்னொருவர் சோரா நீல் ஹர்ஸ்டன். நாட்டார் வழக்காறுகளைச் சேகரித்தவர், நாவலாசிரியர். 1960இல் புளோரிடாவில் வறுமையில் இறந்தார். புதைத்த இடத்தில் அவருக்கு ஒரு கல்கூட இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் அந்த ஊருக்குப் போனார். ஹர்ஸ்டன் தன் அத்தை என்று சொல்லிக்கொண்டு விசாரித்தார், இடுப்புயரக் களைகளுக்குள் நடந்து இடத்தைத் தேடினார், கல் நட்டார். இரத்த உறவு ஏதும் கிடையாது. மருமகள் என்று சொன்னது பொய்தான். நம் முறைப்படி பார்த்தால் அத்தைக்குச் செய்ய வேண்டியதை ஒரு மருமகள் செய்துவிட்டுப் போனாள், அவ்வளவே.

ஹர்ஸ்டன் 1927 வாக்கில், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கடத்திவரப்பட்டு அப்போதும் உயிரோடிருந்த ஒரு முதியவரைச் சந்தித்து அவர் கதையை எழுதினார். அந்தப் பேச்சுமொழியைத் திருத்திப் பொதுமொழியில் தரும்படி பதிப்பகம் கேட்டது. ஹர்ஸ்டன் மறுத்தார். 'பாராகூன்' என்ற அந்த நூல் 2018இல்தான் வெளிவந்தது.

இந்த இடத்தில் நமக்குப் பாமா நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1992இல் 'கருக்கு' வந்தபோதும், 1994இல் 'சங்கதி' வந்தபோதும், சேரிப் பேச்சில் முழு நூல் எழுதுவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் பாட்டியைப் பாட்டியின் வாயால் அல்லாமல் வேறெப்படிப் பேசவைப்பது? 'சங்கதி'யில் வரும் வெள்ளையம்மா கிழவி பிரசவம் பார்க்கிறவள். புருஷன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பவேயில்லை. அவள் காத்திருந்து காத்திருந்து கடைசியில் பிள்ளைகளைத் தானே வளர்க்கிறாள். கங்காணி முறையின் வரலாற்றை எத்தனையோ ஆய்வேடுகளில் படிக்கலாம். சேரியில் விட்டுப்போன மனைவியின் பக்கத்திலிருந்து அதைப் பார்க்க எனக்கு இந்த நூல்தான் கிடைத்தது.

புதுச்சேரிக்கு அருகே கரணி கிராமத்து வீரம்மாவையும் சொல்ல வேண்டும். கூலி வேலை, பிரசவம் பார்ப்பது, பாடுவது என்று வாழ்ந்தவர். அவர் தமிழில் சொன்ன வாழ்க்கை 1995இல் பிரெஞ்சிலும் 1997இல் ஆங்கிலத்திலும் நூலானது. ஒப்பாரிப் பாட்டில் கரைகண்டவர். ஊரார் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம் நம் பெண்கள் மாரடித்துப் பாடினார்கள். மற்றவர் முன்னோரின் பெருமை அந்தப் பாட்டில் நின்றது. பாடியவளின் ஆத்தாளுக்கு ஒரு வரி கிடையாது.

சரி, முன்னோரைப் போற்றுவது என்றால் என்ன? வீரர்களாக மட்டும் காட்டுவதா? 'சங்கதி'யில் மாரியம்மா என்ற பெண்ணிடம் நிலக்காரன் தவறாக நடக்கப் பார்க்கிறான். அவள் தப்பித்து வருகிறாள். அவன் முந்திக்கொண்டு அவள்மேலேயே பழி போட, நம் ஊர்க்கூட்டம் அவளுக்கு அபராதம் விதிக்கிறது, கூடச் சேர்த்துப் பழி சொல்லப்பட்ட ஆணுக்கு விதித்ததைவிடக் கூடுதலாக. இதை எழுதலாமா, எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்று கேட்ட தோழர்களை நான் அறிவேன். ஆலிஸ் வாக்கரின் 'தி கலர் பர்ப்பிள்' 1982இல் வந்தபோது கறுப்பின ஆண்களைக் கேவலப்படுத்திவிட்டார் என்று அங்கேயும் இதே பேச்சு எழுந்தது. 'கருக்கு' வந்த பிறகு பாமா சில மாதங்கள் சொந்த ஊருக்குள்ளேயே போக முடியவில்லை. சிவகாமியின் 'பழையன கழிதலும்' (1989), தலித் தலைவராக வரும் தகப்பனையே கேள்விக்குள் நிறுத்திய நாவல். அடிவாங்கிய பாட்டியை அடிவாங்கியவளாகவே எழுதுவதுதான் அவளுக்கு மரியாதை என்பது என் கட்சி. அடித்தவன் தாத்தாவாக இருந்தாலும்.

இப்படி எழுதியவை நிலைத்துவிட்டன என்றும் சொல்வதற்கில்லை. 2021 ஆகஸ்டில் டெல்லி பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் எடுத்துவிட்டது. செத்த மாட்டைத் தொட்ட தகப்பனின் தொழிலை ஒளிக்காமல் சொல்ல முடிந்த கவிஞர் சுகிர்தராணி.

இனி நம்மூர். ஆர். கே. நாராயண் பெயரின் முதலெழுத்து ராசிபுரம். இந்த ஊர் அப்படி உலக இலக்கியத்துக்குள் போயிருக்கிறது. ஆனால் கவலை ஓட்டிய காலத்தில் கிணறுகளுக்குத் தோல் தைத்துக் கொடுத்த அருந்ததியர் வீட்டுப் பெண்களோ, சேகோ ஆலைகளில் குச்சிக்கிழங்குத் தோல் உரித்து விரல் வெடித்த பெண்களோ எந்தப் புத்தகத்தில் இருக்கிறார்கள்? பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியர் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. நல்ல நாவல், வெளியிலிருந்து ஒருவர் எழுதியது. அந்தப் பிள்ளைகளின் அம்மாயிகளை அவர்கள் பேத்திகள் இன்னும் எழுதவில்லை. நிலவரிப் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர்தான் இருக்கும். பண்ணையாளின் மனைவிக்கு அங்கே இடமே இல்லை.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. உங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய அம்மாயியோ அப்புச்சியோ இருப்பார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அவர் அம்மாவின் பெயர் என்ன, அந்த அம்மாவின் அம்மா பெயர் என்ன, எந்தப் பண்ணையத்தில் இருந்தார்கள், கூலி எந்தப் படியில் அளந்தார்கள், எத்தனை பிள்ளை பெற்று எத்தனை தங்கியது, எந்தப் பாட்டு பாடினார்கள் என்று கேளுங்கள். எழுதும்போது அவர் சொல்லைத் திருத்தாதீர்கள். பெயர் மறந்துவிட்டது என்று அவர் சொன்னால், அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.

ஜெய் பீம்.