கடற்பாசியும் ஜெலட்டினும்: பெருநாள் விருந்தின் ஓர் இனிப்பு வந்த வழி





சென்ற நோன்புப் பெருநாளன்று குடும்பத்தார் அனைவரும் பெரியும்மா வீட்டில் ஒன்றுகூடினோம். வெளிநாட்டில் குடியிருக்கும் நம் தங்கையின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். முந்தைய நாள் இரவெல்லாம் விழித்திருந்து, தான் கொண்டுவந்த பொடியைக் கரைத்து, பூ வடிவ அச்சில் ஊற்றி, பழ ஜெல்லி ஒன்று செய்திருந்தாள். தட்டில் கவிழ்த்து வைத்தபோது ஆரஞ்சுச் சுளைகளும் திராட்சைகளும் கண்ணாடிக்குள் இருப்பவைபோல் தெரிந்தன. பெரியும்மா, "இது எதில் செய்தது?" என்று கேட்டார். பொடியின் உறையை வாங்கிப் பார்த்தோம். ஜெலட்டின் என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. எந்தப் பிராணியினுடையது என்ற விவரம் இல்லை. எல்லோருடைய பார்வையும் நம் பக்கம் திரும்பியது. "சந்தேகத்திற்குரியது, எடுத்து வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் சாப்பாட்டில் அமர்ந்துவிட்டோம்.

அந்தத் தட்டு சமையலறை மேடையில் அப்படியே இருந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது ஜெல்லி உருகித் தண்ணீராகியிருந்தது. அதன் அருகில் நின்ற அந்தப் பெண் கேட்டாள்: "மாமா, பெரியும்மா செய்கிற கடற்பாசியும் ஜெல்லிதானே? அது மட்டும் எப்படிக் கூடும்?"

முப்பது பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் நடத்தும் நம்மால் அப்போது அவளுக்கு நிறைவான பதில் சொல்ல இயலவில்லை. நாம் சொன்ன தீர்ப்பு பிழையன்று. சொன்ன முறைதான் பிழை. அவளுக்குத் தர வேண்டிய பதிலையே இங்கே எழுதுகின்றோம்.

எலும்பிலிருந்து வந்த ஜெல்லி

ஜெல்லி என்னும் உணவு ஐரோப்பிய செல்வந்தர்களின் சமையலறையில் வளர்ந்தது. கன்றின் கால்களையும் மான் கொம்பையும் நெடுநேரம் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கி, பலமுறை வடிகட்டி, தெளிந்த சாற்றைக் குளிரவைத்தால் அது உறையும். ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையும் இதற்குப் பயன்பட்டது. ஒரு தட்டு ஜெல்லிக்கு ஒரு நாளுக்கு மேல் உழைப்புத் தேவைப்பட்டது. எனவே பணியாட்கள் நிறைந்த மாளிகைகளில் மட்டுமே அது பரிமாறப்பட்டது. செம்பாலான கோபுர வடிவ அச்சுகள் அவ்வீடுகளின் செல்வத்துக்கு அடையாளமாயின.

1679ஆம் ஆண்டளவில் தெனி பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர், இன்றைய பிரஷர் குக்கரின் முன்னோடியான ஒரு கலத்தை உருவாக்கினார். கடினமான எலும்பையும் மென்மையாக்கி அதிலிருந்து ஜெலட்டினைப் பிரிப்பது அதன் பயன்களில் ஒன்று. 1845இல் அமெரிக்கத் தொழிலதிபர் பீட்டர் கூப்பர் ஜெலட்டின் பொடிக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பசைத் தொழிற்சாலை நடத்தியவர் என்பதைக் கவனிக்க வேண்டும். மரத்தை ஒட்டும் வச்சிரப் பசையும் உண்ணும் ஜெலட்டினும் ஒரே மூலத்திலிருந்து, அதாவது பிராணிகளின் தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றிலிருந்து வருபவை. 1897இல் நியூயார்க் மாநிலத்தின் லீராய் என்னும் ஊரில் பெர்ல் வெயிட் என்பவர் அந்தப் பொடியுடன் சர்க்கரையும் பழச்சுவையும் கலந்து 'ஜெல்-ஓ' என்று விற்றார். விற்பனை சூடுபிடிக்கவில்லை. 1899இல் தம் உரிமையை 450 டாலருக்கு விற்றுவிட்டார். அதன் பின்னர் விளம்பரமும் குளிர்பதனப் பெட்டியும் சேர்ந்து அந்தப் பொடியைப் பல நாடுகளின் வீடுகளுக்குள் கொண்டுசென்றன.

மாளிகையில் ஜெல்லி செய்தவருக்கு, கொதிப்பது எந்தப் பிராணியின் கால் என்பது தெரியும். பொடியாக்கி உறையிலிட்ட பிறகு அது மறைந்துவிட்டது. நம் சந்தேகம் பிறந்த இடம் அதுவே.

கடலிலிருந்து வந்த ஜெல்லி

ஆசியாவில் இதற்கு வேறொரு வழி இருந்தது. ஜப்பானியர் சிவப்புக் கடற்பாசிகளைக் கொதிக்கவைத்து, வடித்து, உறையவைத்து உண்டு வந்தனர். 1658ஆம் ஆண்டளவில் கியோட்டோ அருகேயுள்ள புஷிமியில் மினோ தாரோசேமோன் என்னும் விடுதிக்காரர், மிஞ்சிய கடற்பாசிக் களியைக் குளிர்கால இரவில் வெளியே எறிந்ததாகச் சொல்லப்படுகிறது. அது இரவில் உறைந்து, பகலில் உருகி நீர் வடிந்து, சில நாள்களில் வெண்மையான சக்கையாகக் காய்ந்தது. அதை மீண்டும் கொதிக்கவைத்தபோது முன்பைவிடத் தெளிவாக உறைந்தது. அந்தக் காய்ந்த பொருளுக்குக் 'கன்டென்' என்று பெயர். கெடாமல் நெடுநாள் இருக்கும், எடையும் குறைவு என்பதால் கப்பல் வணிகத்துக்கு அது ஏற்றதாயிற்று.

மலாய் மக்கள் இதனை 'அகர் அகர்' என்றனர். உலகம் இன்று வழங்குவது அந்தப் பெயரையே. நம் மளிகைக் கடைகளில் இது 'சைனா கிராஸ்'. நம் வீடுகளிலோ கடற்பாசி. (குருமாவிற்குப் போடும் கல்பாசி வேறு, இது வேறு.) ஒரே பொருள் மூன்று பெயர்களுடன் வருவதிலிருந்தே அது எத்தனை கைமாறி வந்தது என்பது விளங்கும்.

காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் ஆகிய ஊர்களின் மரக்காயர்களும் இராவுத்தர்களும் மலாய்த் துறைமுகங்களுடன் நெடுங்காலம் வணிகம் செய்தனர். பினாங்கில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1826இல் தோன்றிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் அவர்கள் விட்டுச்சென்ற சான்றுகள். அந்த உறவு சமையலறையிலும் பதிந்துள்ளது. கீழக்கரையின் தொதல் மலாய் மக்களின் 'டோடோல்' என்பதை எவரும் அறிவர். இலங்கை முஸ்லிம்களின் நோன்பு திறக்கும் விரிப்பிலும், மலேசியப் பெருநாள் விருந்திலும், நம் ஊர் நோன்புக் கஞ்சியின் அருகிலும் கடற்பாசி ஒன்றுபோல் இடம்பெறுவதை இந்தக் கடல்வழி உறவின்றி விளக்க இயலாது.

நம் கரையே இப்பாசியின் வீடும்கூட. மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி ஆகியவை இயல்பாக வளர்கின்றன. இரண்டிலிருந்தும் அகர் எடுக்கலாம். இராமநாதபுரம் மாவட்டக் கடலோரப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் பையைக் கட்டி, மூச்சடக்கி மூழ்கி இவற்றைப் பறித்து வருகின்றனர். பாறையும் உப்பும் அவர்களுடைய கைகளைக் கிழிக்கின்றன. நாம் 10 கிராம் உறையைக் கடையில் எளிதாக வாங்கும்போது அக்கைகளையும் நினைத்துக்கொள்வது நன்றியுடைமையாகும்.

உருகியதும் உருகாததும்

நம் தங்கை மகளின் ஜெல்லி ஏன் உருகியது? ஜெலட்டின் குளிர்பதனப் பெட்டியின் குளிர்ச்சியில் உறைந்து, நம் உடலின் வெப்பத்தைத் தொடும் முன்பே உருகிவிடும். அகரோ ஏறத்தாழ 32 முதல் 40 பாகை செல்சியசில் உறையும். உறைந்தபின் 85 பாகை அளவுக்குச் சூடாக்கினால்தான் உருகும். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில், சித்திரை வெயிலில், நம் பாட்டிமார் பீங்கான் தட்டில் ஊற்றிய கடற்பாசி திண்ணையிலேயே உறைந்ததற்குக் காரணம் இதுவே.

இந்தப் பண்பை அறிவியல் உலகம் ஓர் இல்லத்தரசியிடமிருந்து கற்றது. ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் கிருமிகளை ஜெலட்டின் பரப்பில் வளர்த்தனர். கோடையில் அது உருகியது. சில கிருமிகள் அதனைக் கரைத்தும்விட்டன. அங்கே பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே, வெயிலிலும் உருகாத ஜெல்லியைத் தம் மனைவி ஃபேனி எவ்வாறு செய்கிறார் என்று கேட்டார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக்காரரான அண்டை வீட்டாரிடமிருந்து அகரின் பயன்பாட்டைத் தாம் இளமையில் அறிந்ததாக ஃபேனி கூறினார். காக் 1882இல் வெளியிட்ட காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் அகர் இடம்பெற்றது. ஃபேனியின் பெயர் இடம்பெறவில்லை. இன்றும் மருத்துவமனைகளில் கிருமி வளர்க்கும் தட்டில் இருப்பது, நம் நோன்பு விரிப்பில் இருக்கும் அதே பொருள்தான்.

மார்க்கம் சொல்வது என்ன?

கடலின் வேட்டையும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டிருப்பதை அல்லாஹ் திருமறையின் 5ஆம் அத்தியாயம் 96ஆம் வசனத்தில் அறிவிக்கின்றான். கடற்பாசி கடலில் வளரும் தாவர வகை, தீங்கற்றது, போதை தராதது. அது ஆகுமானது என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இல்லை.

ஜெலட்டினுக்கு அதன் மூலத்தைப் பார்க்க வேண்டும். மீனிலிருந்தோ, முறைப்படி அறுக்கப்பட்ட ஆடு, மாட்டிலிருந்தோ எடுக்கப்பட்டது ஆகும். பன்றியிலிருந்தும், முறைப்படி அறுக்கப்படாதவற்றிலிருந்தும் எடுக்கப்பட்டதில்தான் விவாதம் எழுகிறது. அசுத்தமான ஒன்று முற்றிலும் வேறொரு பொருளாக மாறிவிட்டால் அதன் சட்டமும் மாறுமா என்பதே கேள்வி. இதனை 'இஸ்திஹாலா' என்பர். ஹனஃபி அறிஞர்கள் இதனை விரிவாக ஏற்கின்றனர். உப்பளத்தில் விழுந்து உப்பாகவே மாறிவிட்ட பிராணியை எடுத்துக்காட்டுவர். நம் கடலோர ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அதன் எல்லை குறுகியது. மது தானாகவே காடியாக மாறுவது அதற்குத் தெளிவான உதாரணம்.

1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டினை உணவில் பயன்படுத்தக் கூடாது என்றும், தாவரத்திலிருந்தும் முறைப்படி அறுக்கப்பட்ட பிராணிகளிலிருந்தும் கிடைப்பதே போதுமானது என்றும் தீர்மானித்தது. 1995இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு நடத்திய கருத்தரங்கு, முழுமையாக மாற்றமடைந்த ஜெலட்டின் தூய்மையானது என்ற கருத்தை முன்வைத்தது. ஆக, இது அறிஞர்கள் இன்றும் ஆராயும் விஷயம். பேணுதலாக விலகியிருப்பவரைக் கடுமையானவர் என்று பழிப்பதும், ஓர் அறிஞரின் கருத்தை ஏற்று உண்பவரை ஹராம் தின்பவர் என்று ஏசுவதும் நமக்குத் தகாது. உங்கள் மஹல்லாவின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

கடையில் வாங்கும்போது உறையைப் படிப்பது எளிய வழி. 428 என்ற எண் ஜெலட்டினைக் குறிக்கும். 406 அகரையும் 407 கடற்பாசியிலிருந்து கிடைக்கும் காரஜீனனையும் குறிக்கும். இந்தியாவில் பச்சைக் குறியுடன் விற்கப்படும் ஜெல்லிப் பொடியில் ஜெலட்டின் இருக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறைகளில்தான் கூடுதல் கவனம் தேவை.

அச்சில் கடற்பாசி

பழங்கள் பதித்த அச்சு ஜெல்லியைக் கடற்பாசியிலேயே செய்யலாம். 10 கிராம் கடற்பாசியைச் சிறு துண்டுகளாக்கி அரைமணி நேரம் ஊறவைத்து, 1 லிட்டர் நீரில் இழை ஒன்றுகூடத் தெரியாதவரை கொதிக்கவைக்க வேண்டும். முழுதாகக் கரையும் முன்பே அடுப்பை அணைப்பதுதான் பலர் செய்யும் தவறு. கரைந்தபின் சர்க்கரை சேர்த்து வடிகட்டுங்கள். நீரில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு இளநீர் சேர்ப்பதாயின், இளநீரை அடுப்பை அணைத்தபின் கலக்கலாம். பால் சேர்ப்பதாயின் அதைச் சூடாக்கியே சேர்க்க வேண்டும். குளிர்ந்த பால் பட்டால் திரிதிரியாக உறைந்துவிடும். எலுமிச்சை போன்ற புளிப்பை இறக்கிய பின்னரே கலக்க வேண்டும். புளிப்புடன் கொதித்தால் உறையும் வலிமை குறைந்துவிடும்.

அச்சை நீரில் நனைத்து, ஒரு விரற்கடை அளவு ஊற்றி, மேற்பரப்பு சற்று இறுகியதும் பழங்களை அடுக்கி, மீதியைச் சூடாகவே ஊற்றுங்கள். முதல் அடுக்கு முற்றிலும் ஆறிவிட்டால் இரண்டும் ஒட்டாமல் வழுக்கிப் பிரியும். ஜெலட்டினில் பச்சை அன்னாசியைப் போட்டால் உறையாது. கடற்பாசிக்கு அந்தக் குறை இல்லை.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இந்த ஹதீஸை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கின்றோம். ஆயினும் அன்று, இரவெல்லாம் விழித்திருந்து செய்த ஒரு பெண்ணைப் பலர் முன்னிலையில் ஒரே சொல்லில் ஒதுக்கினோம். அவளைத் தனியே அழைத்து விளக்கியிருக்கலாம். அவளுடைய உழைப்பைப் பாராட்டிவிட்டு உறையைக் காட்டியிருக்கலாம். ஹலாலைப் பேணுவது கடமை. அதைப் பேணும்போது ஒரு முஃமினின் மனத்தைக் காயப்படுத்தாதிருப்பதும் கடமையே.

அவளிடம் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டோம். இங்கே எழுதியவற்றைச் சொல்லி, செய்முறையையும் அனுப்பினோம். சில நாள்களுக்குப் பின் ஒரு படம் வந்தது: அதே பூ வடிவ அச்சு, அதே ஆரஞ்சுச் சுளைகள், இம்முறை கடற்பாசியில். படத்தைப் பார்த்த பெரியும்மா, "அடுத்த பெருநாளைக்கு இவளே செய்யட்டும்" என்றார்.

அல்லாஹ் நம் உணவிலும் உறவுகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.